வெள்ளிக்கிழமை மேலே வரும் மீன்

"விவரம் கேட்கப்பட்ட இடத்தில் விவரம் மட்டுமே தரப்பட வேண்டும். காரணம் கேட்கப்படாதவரை காரணம் கூறலாகாது."

சர்க்கார் அலுவலக நடைமுறையில் இது எத்தனையாவது விதி என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. (சொன்னால் யாராவது எடுத்துப் பார்த்து, அதன் கீழே உள்ள விதிவிலக்கைக் கண்டுபிடித்து எனக்கே கடிதம் எழுதுவார்கள். பென்ஷன் வாங்குகிறவன் அநாவசியக் கடிதப் போக்குவரத்தைத் தவிர்ப்பது நல்லது.) என் கீழ் வேலை பார்த்த குமாஸ்தாக்கள் அத்தனை பேருக்கும் இந்த விதியைத்தான் முதல் நாள் சொல்லிக் கொடுத்தேன். நான் ஏதோ பிறக்கும்போதே அதைத் தெரிந்துகொண்டு பிறந்தவன் என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் அந்த விதியை எனக்குக் கற்பித்தவை மீன்கள்.

டெல்லி தர்பார் நடந்து முடிந்த சமயம். கல்பாத்தியில் பிறந்து, பாலக்காட்டிலேயே எஃப்.ஏ. வரை படித்து, அந்தப் படிப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த எனக்கு, சக்குபள்ளத்துக்குப் பக்கத்தில் ஏலக்காட்டு மலைக்குள் இருந்த ஓர் அணையில் தற்காலிகக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அணையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது ஒரு பாவமும் அறியாதது. மூன்று பக்கம் மலை, நடுவில் தண்ணீர், தண்ணீருக்குள் பாதி முழுகிச் செத்து நின்ற பழைய காட்டு மரங்கள். காலையில் பனி இறங்கினால் மரங்களின் உச்சி மட்டும் தெரியும். சுற்றிலும் ஏலக்காய் உலர்த்தும் சூளைகளின் வாசனை. அட்டைகளைத் தவிர வேறு குறை சொல்ல முடியாத இடம்.

எனக்கு மேலே இருந்தவர் ஓவர்சியர் பழனிச்சாமிக் கவுண்டர். கோபாலபுரத்துக்காரர். பெரிய மீசை, மெதுவான பேச்சு. அணையில் எந்த ஷட்டர் எப்போது முனகும் என்று அவருக்குத் தெரியும். எழுத்து வேலையை மட்டும் வியாதிபோல் பார்த்து விலகிப் போவார். "எழுதறதெல்லாம் நீங்க பாத்துக்கோங்க சாமி, கையெழுத்து நான் போட்டுடறனுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எழுதத் துடிக்கிற ஒரு பையனிடம் அப்படிச் சொல்லலாமா?

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு நீர்த்தேக்கத்திலும் என்னென்ன வகை மீன்கள் உள்ளன, எந்தக் காலத்தில் எவை கிடைக்கின்றன, தண்ணீரின் ஆழம், வெப்பம், நிறம் என்ன, இவற்றை ஓராண்டு கவனித்து, இணைத்துள்ள அட்டவணையில் நிரப்பி அனுப்புக. கவனிக்கும்போது அவ்விடத்து இயல்பு நிலைக்கு இடையூறு செய்யலாகாது.

அட்டவணையின் கடைசிப் பத்தியின் தலைப்பு 'குறிப்பு'. அதன் கீழே வெற்றிடம். காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்துச் சும்மா இருக்கத் தெரியாத வயது எனக்கு.

என்னுடைய யோக்கியதையை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நான் அதுவரை மீனைப் பார்த்தது கல்பாத்திப் புழையின் படிக்கட்டில்தான். பொரி போட்டால் வரும், போடாவிட்டால் போகும். மீனைப் பற்றிய என் சாஸ்திர ஞானம் அவ்வளவே. ஆனால் வெப்பமானி இருந்தது, அளவுகோல் இருந்தது, குடை இருந்தது. மீன் கரையேறும் துறைக்குக் காற்று வரும் பக்கமாக, நாற்றம் எட்டாத தூரத்தில், ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்தேன். கர்ப்பூரம் முடிந்த கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டு, கார்த்திகை முதல் தேதியிலிருந்து தினமும் காலையில் அங்கே உட்கார்ந்தேன்.

யாரோடும் பேசவில்லை. இடையூறு செய்யக்கூடாது அல்லவா? மீன் பிடிக்கிறவனிடம் பேசினால் அவன் கவனம் சிதறும், வலை சிதறும், மீன் சிதறும், அட்டவணை சிதறும் என்பது என் வாதம். தூரத்திலிருந்தபடி கூடையை மட்டும் சாய்த்துக் காட்டச் சொல்லிச் சைகை செய்வேன். அவர்களும் பயபக்தியோடு காட்டுவார்கள்.

அணையில் மீன் பிடித்தவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று முத்தையாவின் கூட்டம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வந்தவர்கள். ஓரத் தண்ணீரில் பொறிக்கூடையும் வீச்சு வலையும் போட்டுக் கெளுத்தி, ஆரல், குறவை, விலாங்கு என்று சில்லறை மீன்களைப் பிடிப்பார்கள். இன்னொன்று அந்தோணியும் அவன் தம்பியும். அவர்களும் தெற்கத்திக்காரர்கள்தான். ஆனால் வேதக்காரர்கள், மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் நீளமான வலை ஒன்று இருந்தது. அதைச் செத்த மரங்களுக்கு அப்பால், ஆழத்தில் இறக்கி வைத்துவிட்டு மறுநாள் எடுப்பார்கள். அதில் வருவதெல்லாம் கைக்குழந்தை அளவுக்குப் பெரிய கெண்டைகள்.

இது எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் என்ன எழுதினேன் என்பதில்தான் என் மேதாவித்தனம் இருக்கிறது.

முதல் அதிசயம் உட்கார்ந்த உடனேயே நடந்தது. கார்த்திகையும் மார்கழியில் பாதியும் சில்லறை மீன் ஒன்றுகூடக் கரையேறவில்லை. முத்தையாவின் ஆட்கள் குளித்துவிட்டு, கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு, கரையில் உட்கார்ந்து பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள். மீன் அகப்படாத காலத்தில் பாவம் வேறென்னதான் செய்வார்கள் என்று நான் இரக்கப்பட்டேன். வெப்பமானியைப் பார்த்தேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. குறிப்பில் எழுதினேன்: "குளிரின் காரணமாகச் சிறு மீன்கள் அனைத்தும் சேற்றுக்குள் புதைந்து உறங்குகின்றன."

இரண்டாவது அதிசயம், பெரிய கெண்டைகள் வெள்ளிக்கிழமைதான் வரும். அன்று சிறு மீன் வராது. மற்ற நாட்களில் சிறு மீன் வரும், பெரிய மீன் வராது. செவ்வாய்க்கிழமை எதுவுமே வராது.

ஒரு வாரம் அல்ல, இரண்டு வாரம் அல்ல, மாதக்கணக்கில் இதே ஒழுங்கு. சர்க்கார் ஆபீஸில்கூட இப்படி ஒரு கிரமத்தை நான் பார்த்ததில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. இயற்கையின் ஏதோ ஒரு பெரிய ரகசியம் இந்த ஏலக்காட்டில், கர்ப்பூரக் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கும் கல்பாத்திப் பையனுக்காகக் காத்திருந்ததாக நிச்சயமாகத் தோன்றியது.

காரணம் தேடினேன். தேடினால் கிடைக்காத காரணம் உலகத்தில் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பாசனத்துக்காக ஷட்டர் திறப்பார்கள். அடித்தண்ணீர் கலங்கும். ஆழத்தில் இருக்கும் பெரிய மீன் மேலே வரும். பெரிய மீனைக் கண்டு சிறு மீன் ஒளிந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை தீர்ந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் தோட்டத்து மாடுகளை ஓடையில் குளிப்பாட்டுவார்கள். அந்த அழுக்கு ராத்திரி முழுவதும் இறங்கி வந்து செவ்வாய்க்கிழமை அணையில் கலக்கும். மீன்கள் வெறுப்புற்று விலகும். செவ்வாயும் தீர்ந்தது.

மாசி, பங்குனியில் பெரிய கெண்டை புதன்கிழமையும் வர ஆரம்பித்தது. ஒரு கணம் தடுமாறினேன். பிறகு, "கோடை வெப்பத்தால் மீன்களின் வாராந்தர எழுச்சி இருமடங்காகிறது" என்று எழுதினேன். புரட்டாசியில் சனிக்கிழமைகளில் சிறு மீன் மறைந்ததற்கு என்ன எழுதினேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. (சந்திரன் வருகிறது அதில்.)

கவுண்டரிடம் காட்டினேன். அவர் அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பிப் பிடித்தார்.

"ஏனுங்க சாமி, மீனுக்கு வெள்ளிக்கெழம தெரியுமுங்களா?"

"மீனுக்குத் தெரியாது. ஷட்டருக்குத் தெரியும்" என்றேன்.

"அட, அப்படீங்களா" என்று கையெழுத்துப் போட்டார். அந்த 'அட'வில் ஏதோ இருந்தது. நான் கவனிக்கவில்லை. அது அட்டவணையில் இல்லாத பத்தி.

அறிக்கையைத் தபாலில் சேர்த்துவிட்டு, ஐப்பசி கடைசியில் தேருக்காகக் கல்பாத்திக்குப் போனேன். தேர் ஒரு சாக்கு. உண்மையான காரியம் ராஜம். பக்கத்துத் தெரு. ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டுப் பெண்களும் பேசி முடித்து, அவளுடைய அப்பா ஒருவர் மட்டும் பாக்கி. ரெவினியூ இலாகாவில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை பார்ப்பதும் மனு விசாரிப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

"மீன் எண்ணறதாக்கும் உத்யோகம்?" என்று ஆரம்பித்தார்.

"எண்ணறதில்லே. கவனிக்கறது."

"கவனிச்சா அது ஓடாதோ? போகட்டும். பெர்மனெண்டோ?"

"தற்காலிகம்தான். ஆனா பெரிசா ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். அதைப் பாத்தா உடனே பெர்மனெண்ட் ஆக்கிடுவா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷத்து ரெவினியூ அனுபவம் இருந்தது. "இதோ பாரும். என் பொண்ணைத் தற்காலிகமாக் குடுக்கற வழக்கமில்லே. மேடமாசம் பொறக்கறதுக்குள்ள பெர்மனெண்ட் ஆர்டரைக் கொண்டுவாரும், கல்யாணத்தை நடத்திடலாம். இல்லேன்னா ஷொரணூர்ல ரயில்வேல ஒரு பையன் இருக்கான். மீனும் கிடையாது, ரிப்போர்ட்டும் கிடையாது. கொடி காட்டறான், ரயில் போறது."

உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஒரு வளையல் சத்தத்துக்காக மனிதன் எவ்வளவு நம்பிக்கை வைப்பான் என்று எந்தச் சுற்றறிக்கையும் கேட்டதில்லை. நான் முழு நம்பிக்கையோடு மலையேறினேன். மேடம் என்பது சித்திரைதான்; அதற்கு ஐந்து மாதம் இருந்தது.

மெட்ராஸிலிருந்து பதில் மூன்று வாரத்தில் வந்தது. சர்க்கார் சீக்கிரம் பதில் போட்டால் பயப்பட வேண்டும் என்பது பின்னால் கற்றுக்கொண்ட பாடம். அன்று நான் துள்ளினேன். மீன் ஆராய்ச்சி அதிகாரியே நேரில் வருகிறார். 'வாராந்தர எழுச்சி' என்பதைத் தம் கண்ணால் பார்க்க விரும்புகிறார். "தங்கள் கூற்றுப்படி தற்போது சிறு மீன்கள் சேற்றில் உறங்க வேண்டிய காலமாகையால், வியாழனும் வெள்ளியும் தங்கிக் கவனிக்க உத்தேசம்."

வந்தவர் ஒல்லியான மனிதர். கண்ணாடி. குரலை உயர்த்தாதவர். அவரோடு சொந்த வலை ஒன்றும், அதை வீச மெட்ராஸ் கடற்கரையிலிருந்து இரண்டு ஆட்களும் வந்தார்கள். சொந்த வலையோடு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிபுணர்கள் குடையோடு வருவார்கள் என்று நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை. பனி விலகி வெயில் வந்திருந்தது. வழக்கம்போல் முத்தையாவின் ஆட்கள் துறையில் பஜனையில் இருந்தார்கள். அந்தோணி சகோதரர்கள் சாயங்காலம் இறக்க வேண்டிய வலையைப் பாறையில் விரித்துக் கண்ணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டர் என் பக்கத்தில் நின்றார்.

"இங்கே சிறு மீன் இல்லை என்கிறீர்கள்" என்றார் அதிகாரி.

"ஒன்றுகூட இல்லை. எல்லாம் சேற்றில்."

அவர் தலையை அசைத்தார். மெட்ராஸ் ஆள் ஒருவன் ஓரத் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி வலையை வீசினான். சுருக்கி இழுத்தான். கனமாக வந்தது. கரையில் உதறினான்.

கெளுத்தி, ஆரல், குறவை, விலாங்கு. புல் மேல் ஒரு வெள்ளிக் குவியல் துள்ளியது. ஓராண்டு முழுவதும் நான் பார்த்த அத்தனையும் ஒரே வீச்சில். ஒரு கெளுத்தி என் செருப்பின் மேல் வந்து விழுந்து மீசையை ஆட்டியது. உறங்கி எழுந்ததைப் போலத் தெரியவில்லை.

"சேறு கொஞ்சம் தூரத்தில் இருக்கிறதோ?" என்றார் அதிகாரி, மிக மரியாதையாக.

இரண்டாவது வீச்சு. மூன்றாவது வீச்சு. பல நாளாக யாரும் தொடாத தண்ணீர். மீன் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஓராண்டில் முதல் முறையாக நான் இயல்பு நிலைக்கு இடையூறு செய்தேன். துறையைப் பார்த்துக் கத்தினேன்.

"முத்தையா! இவ்வளவு மீன் இருக்கே, ஏனய்யா ஒண்ணும் பிடிக்காம உக்காந்திருக்கே?"

பஜனை நின்றது. முத்தையா எழுந்து வந்தான். கழுத்தில் துளசிமணி மாலை. அதைத் தொட்டுக் காட்டினான்.

"மாலை போட்டிருக்கோம்லா அய்யா. மலைக்குப் போயிட்டு வரது வரைக்கும் மீனத் தொடக்கூடாதுல்லா?"

"அப்போ போன வருஷமும்...?"

"போன வருசமும் மாலைதான். வருசா வருசம் மாலைதான்." பிறகு கொஞ்சம் தயங்கினான். அந்தோணியைப் பார்த்தான். "அதுக்குத்தான அய்யா வந்து உக்காந்திருக்கிய?"

"எதுக்கு?"

"வெரதம் எவன் ஒழுங்கா இருக்கான், எவன் தப்புதான்னு கணக்கெடுக்க. ஒரு அய்யரப் பாறையில உக்கார வச்சி, கர்ப்பூரத்தையும் கையில குடுத்தா வேற என்னத்துக்குன்னு நெனப்போம்? சர்க்காரு ஆளு போட்டிருக்குன்னு தோட்டம் முழுக்கப் பேச்சு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முத்தையாவுக்கு இப்போது பேச்சு சுலபமாகிவிட்டது.

"உள்ளதச் சொல்லுதேன், கோவப்படாதீக. முன்னால எல்லாம் அப்படி ஒண்ணும் கடுசு கிடையாது. செவ்வாக்கெழமையும் ரெண்டு கெளுத்தி புடிப்போம், வீட்டுல தெரியாம. வெள்ளிக்கெழமையும் புடிப்போம். மாலை போட்ட ஆளு சும்மா இருப்பான், அவன் மச்சினன் புடிப்பான். அய்யா வந்து உக்காந்த பெறவு ஒரு பய கூடையத் தொடல. எங்க வீட்டுப் பொம்பளையளுக்கு அம்புட்டு சந்தோசம். ஒங்க பேருல விளக்குப் போடுதாளுவ."

நான் அந்தோணியைப் பார்த்தேன். அவனாவது விஞ்ஞானத்தைக் காப்பாற்றுவான் என்று ஒரு நப்பாசை. "வெள்ளிக்கிழமை மட்டும் ஆழத்து மீன் வர்றதே, அது ஷட்டர் திறக்கறதாலதானே?"

அந்தோணி தம்பியைப் பார்த்தான். தம்பி வலையைப் பார்த்தான்.

"வெள்ளிக்கெழம எறச்சி ஆகாதுங்கய்யா. மாதா கோயில் குடும்பம் எல்லாத்துக்கும் அன்னைக்கி மீனு வேணும். அதான் வியாழக்கெழம வல எறக்குதோம். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்துல புதங்கெழமைக்கும் வேணும், செவ்வாக்கெழமையும் எறக்குவோம்." அவனும் தயங்கினான். "முன்னால நெனச்சா எறக்குவோம், சோம்பல் பட்டா விட்டுருவோம். நீங்க எழுதி மாதா கோயில் சாமியாருக்கு அனுப்புதீகன்னு முத்தையாதான் சொன்னான். அதுலயிருந்து ஒரு வாரம் தப்புனதில்ல."

"நான் எங்கலே சொன்னேன்? நீதான் மொதல்ல சொன்ன" என்றான் முத்தையா.

"சும்மா இரிடே. நீதான் சொன்ன. கூடைய நல்லாச் சாச்சுக் காட்டு, பேரு எழுதுதாரு பாருன்னு."

ஆக, ஓராண்டு நான் கவனித்தது மீன்களை அல்ல. இரண்டு மதத்தாரின் ஆசாரத்தை. அதுவும் இருந்த ஆசாரத்தை அல்ல, நான் உட்கார்ந்ததால் உண்டான ஆசாரத்தை. ஒரு வார்த்தை பேசாமலே இந்த மலையில் நான் எழுப்பிய பக்தியை எந்தப் பிரசங்கியும் எழுப்பியிருக்க முடியாது. இடையூறு செய்யலாகாது என்ற உத்தரவை இவ்வளவு முழுமையாக மீறியவனும் என் இலாகாவில் வேறு ஒருவன் இல்லை.

கவுண்டர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். அவர் ஓராண்டாக அடக்கி வைத்திருந்தது வந்தது.

"அப்ப ஏனுங்க சாமி, பெரிய மீனெல்லாம் வேதத்துல சேந்துடுச்சு, சின்ன மீனெல்லாம் மாலை போட்டுக்கிச்சுன்னு எழுதோணுமுங்களா?"

முதலில் அந்தோணியின் தம்பி சிரித்தான். பிறகு மெட்ராஸ் ஆட்கள். பிறகு எல்லோரும். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது எனக்கு அதிகமாக வலித்தது.

"உங்களுக்குத் தெரியுமா இது?" என்று கவுண்டரைக் கேட்டேன்.

"தெரியாம என்னங்க சாமி, ஊருக்கே தெரியுமுங்க. நீங்க படிச்சவிங்க, வேற என்னமோ பெருசாப் பாக்கறீங்கன்னு நெனச்சனுங்க. மீனுக்கு வெள்ளிக்கெழம தெரியுமான்னு கேட்டனே, மறந்துட்டீங்களா?"

மத்தியானம் அதிகாரியின் கூடாரத்தில் இலை போட்டிருந்தது. என்னையும் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சாப்பிடவில்லையா?"

"இன்று ஏகாதசி, சார். எங்கள் பக்கத்தில் குருவாயூர் ஏகாதசி என்பார்கள். சாதம் சாப்பிடுவதில்லை."

அவர் கையைக் கழுவிக்கொண்டு நிதானமாக இலைமுன் உட்கார்ந்தார்.

"அதாவது, இன்று நான் கல்பாத்தித் தெருவில் ஒரு பாறையைப் போட்டு உட்கார்ந்து உங்கள் அடுப்புகளைக் கவனித்தால், பாலக்காட்டில் நெல் விளையவில்லை என்று எழுதுவேன். இல்லையா? குளிரினால் அரிசியெல்லாம் மண்ணுக்குள் புதைந்துவிட்டது என்று?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ரசத்தைப் பற்றி விசாரித்தார். நான் ஆயுளில் எத்தனையோ மெமோக்கள் வாங்கியிருக்கிறேன். எழுத்தில் வந்த எதுவும் அந்த ஒரு கேள்விக்குப் பக்கத்தில் நிற்காது. வயது முதிர்ந்த ஒரு பத்தியக்காரனைப் போல ஏகாதசி ஏகாதசியாய் விரதம் இருந்தவனுக்கு, இன்னொருவனுக்கும் வயிறு உண்டு, அந்த வயிற்றுக்கும் ஒரு காலண்டர் உண்டு என்று தோன்றவில்லை. சாப்பாட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தினால் இப்படித்தான் ஆகும்.

வெள்ளிக்கிழமை அவர் அந்தோணியின் வலையைப் பார்த்தார். கெண்டைகளை அளந்தார். முத்தையாவின் ஆட்களைத் தாமே கூப்பிட்டு உட்கார வைத்து, எந்த மீன் எப்போது முட்டை வைக்கும், எந்த மரத்தடியில் தங்கும் என்று சாயங்காலம் வரை பேசினார். அவர்கள் ஒருவரையொருவர் மறுத்துச் சண்டை போட்டதை எல்லாம் அவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டார். என் வெப்பமானிக் கணக்கைக் கேட்டு வாங்கினார். ஆழக் கணக்கையும் வாங்கினார். 'குறிப்பு'ப் பத்தி இருந்த தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். மலையிறங்கிப் போனார். என் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஷொரணூர் ரயில்வேக்காரன் கொடியை வீசிக்கொண்டு என் கனவில் வர ஆரம்பித்தான்.

"என்ன பண்ணலாம்?" என்று கவுண்டரைக் கேட்டேன். அவரிடம் யோசனை கேட்கிற அளவுக்கு அப்போது பக்குவப்பட்டிருந்தேன்.

"சொன்னதத் திருப்பி வாங்கிக்கோங்க சாமி. சந்தைல மாட்டையே திருப்பிக் குடுத்துக்கறாங்க. இது வெறும் பேச்சுத்தானுங்க."

அப்படித்தான் நான் என் உத்தியோக வாழ்வின் முதல் ஒழுங்கான கடிதத்தை எழுதினேன். மேற்படி அறிக்கையில் விவரங்கள் யாவும் நேரில் கண்டவை, அவை அப்படியே நிற்கலாம். காரணங்கள் யாவும் கேட்கப்படாமல் கூறப்பட்டவை. அக்காரணங்களை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்குமாறு பணிவுடன் கோருகிறேன். இதற்கு முன்மாதிரி உண்டா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. யாரும் அதுவரை காரணத்தைத் திரும்பக் கேட்டதில்லை போலும்.

தை போயிற்று. மாசி போயிற்று. பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பலாம்தான். அனுப்பினால் நினைவு வருமே என்று பயந்து அனுப்பவில்லை. கல்பாத்தியிலிருந்து சிரஸ்தார் ஒரு கார்டு எழுதினார்: "ஷொரணூர்க்காரர்கள் வந்து போனார்கள். பையனுக்குப் பல் வரிசை நன்றாக இருக்கிறது." அதில் கேள்வி எதுவும் இல்லை. நல்ல ரெவினியூ கடிதம்.

பாறைக்குப் போவதை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் துறைக்குப் போனேன். கைக்குட்டை இல்லாமல். நாற்றம் அவ்வளவு மோசமில்லை. செவ்வாய்க்கிழமை கெளுத்தி மறுபடி கரையேறத் தொடங்கியிருந்தது. முத்தையா என்னைக் கண்டால் கூடையை மறைப்பதில்லை. ஆனால் அவன் பெண்சாதி வழியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் என் பெயரில் போட்ட விளக்கு அணைந்துவிட்டது.

பங்குனி பாதி ஆயிற்று. அந்தோணி வாரத்தில் இரண்டு நாள் வலை இறக்கினான். "மனசத் தளர விடாதீகய்யா. பெருசா வாறது எப்பவும் வெள்ளிக்கெழமதான். நீங்களே எழுதியிருக்கீக" என்றான் ஒருநாள். கேலியா, ஆறுதலா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

பிறகு ஒரு காலை. ஆபீஸ் விடுமுறை. பூட்டின கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். தபால்காரன் மலையேறி வந்து, குமுளியிலிருந்து சுமந்த பையை இறக்கி, நீளமான ஓர் உறையைக் கொடுத்தான். அவசரமாகப் பிரித்ததில் உறையோடு கடிதத்தின் ஓரமும் கிழிந்தது.

மூன்று வாக்கியம். காரணங்களைத் திரும்பப் பெற அனுமதிக்கப்படுகிறது. விவரங்கள் ஒழுங்காக உள்ளமையால் ஏற்கப்படுகின்றன. மேற்படி நபர் நிரந்தரமாக்கப்படுகிறார்; எனினும் காரணம் கூறும் பொறுப்புள்ள எந்தப் பிரிவிலும் அவரை அமர்த்தலாகாது.

அதன்படி நான் ஓய்வு பெறும் வரை தபால் பிரிவிலேயே இருந்தேன். வருவதைப் பதிந்து, போவதைப் பதிந்து, எதற்கும் காரணம் சொல்லாமல் காலத்தைக் கழித்தேன். சித்திரையில் கல்யாணம் நடந்தது. ராஜம் அந்த மூன்று வாக்கியத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். நான் ஆபீஸிலிருந்து நேரம் கழித்து வந்து வாயைத் திறந்தால் போதும், "விவரம் மட்டும் சொல்லுங்கோ" என்பாள். பெண்கள் இருவரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். இப்போது மாப்பிள்ளைகளும். ஏகாதசியன்று சமையலறையில் சத்தம் இல்லையென்றால், "குளிருக்கு அரிசி மண்ணுக்குள்ள போயிடுத்து" என்று பேரன் வரை சொல்கிறான். எல்லோரும் சிரிக்காமல் சொல்கிறார்கள் என்பதுதான் கஷ்டம்.

விடுமுறை நாளில் வந்த தபாலை அடுத்த வேலைநாளில் வந்ததாகப் பதிய வேண்டும் என்பது விதி. எனவே ஆபீஸ் பதிவில் அந்தப் பதில் வந்த நாள் வேறாக இருக்கும். பதிந்தவன் நான்தான், முறைப்படி. ஆனால் அன்று துறையில் அந்தோணி வலையை இழுத்துக்கொண்டிருந்ததும், மாதா கோயிலில் மணிக்குப் பதிலாக மரக்கட்டை அடித்ததும், பெரிய கெண்டை ஒன்று கரையில் துள்ளியதும் எனக்குத் தெரியும். கேட்பவர்களுக்கு விவரம் மட்டும் தருகிறேன். பதில் வந்தது பங்குனி மாதம், பெரிய வெள்ளிக்கிழமை.